வெறுங்கால் வருஷம்

ஆம்பூரில் மழை பொய்த்த வருஷங்கள் உண்டு. பாலாற்றில் தண்ணீர் வராத வருஷங்களைச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டை மண்டி வாசலில் சண்டை நடக்காத வாரம் என்று ஒன்றை வெகுநாள் நான் பார்த்ததில்லை. சண்டை என்றதும் அடிதடி என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம டீமுக்கு எது பெரிய வருஷம், வெறுங்கால் வருஷமா, பூட்ஸ் வருஷமா? இவ்வளவுதான் விவகாரம். இதற்குத்தான் மீசை நரைத்த மனிதர்கள் தொண்டை கட்டக் கத்துவார்கள். அவர்களுக்கு நடுவில் பட்டை மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, அவர்களைவிட உரக்கக் கத்திய ஒரே பெண்பிள்ளை நான்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டீம், தோல் பதனிடுகிற டேனரி ஆட்களின் கால்பந்து டீம். சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்கள், தோலைக் காயப் போடுகிறவர்கள், வண்டி தள்ளுகிறவர்கள், இவர்கள்தான் ஆட்டக்காரர்கள். ரொம்ப நாள் இந்த டீம் யாரையும் ஜெயித்ததில்லை. எதிர் டீம்காரர்கள் கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், அது ஒன்றுதான் எங்களுக்கு அனுகூலம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படி இருந்த டீமைப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒரு வருஷம் கையில் எடுத்தார். விடியற்காலையில் பாலாற்று மணலில் ஓட விட்டார். மணல் காலைப் பிடித்து இழுக்க இழுக்க ஓடியவனுக்குக் கட்டாந்தரை எம்மாத்திரம்? எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அந்த வருஷம் ஜில்லாக் கேடயத்துக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் போய், வாணியம்பாடிக்காரர்களிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். இது வெறுங்கால் வருஷம்.

மறு வருஷம் டிரில் மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கூடிவிட, அப்பா மேனேஜர் ஆனார். அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கட்டைவிரலால் தோலை மேலிருந்து கீழே ஒரு தடவு தடவுவார். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த வடு, சாட்டை பட்ட வடு எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். "இது முதல் தரம் இல்ல, தள்ளி வை" என்பார். அவர் சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன், தோல் ஊரில் இருந்துகொண்டு நம் பையன்கள் வெறுங்காலோடு ஆடுவது கேவலம் என்று ரோஷப்பட்டுவிட்டார். தானே பார்த்துப் பொறுக்கிய தோலில், மார்க்கெட் பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம் சொல்லி டீம் முழுக்க பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். அடியில் தோல் குமிழ்களை வைத்து ஆணி அடித்த பூட்ஸ். அந்த வருஷம் கேடயம் ஆம்பூருக்கு வந்தது. இது பூட்ஸ் வருஷம்.

டிரில் மாஸ்டர் வெறுங்கால் கட்சி. கோயிலுக்கு வரும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும். "பூட்ஸ் போட்டு ஆடறவன் ஆட்டக்காரனா, போலீஸ்காரனா?" என்பார். அப்பா பூட்ஸ் கட்சி. மண்டிக்கார மாமா அப்பாவைவிடத் தீவிரமான பூட்ஸ் கட்சி. அவர் டேனரிகளுக்கு ஆவாரம் பட்டை விற்கிற பாய்; அப்பாவுக்கு உயிர்த் தோஸ்த்து. "கோயில் விட்டாச்சா? வாங்க, வாங்க, ஆரம்பிக்கலாம்" என்று மூட்டைகளைத் தட்டிப் போட்டு, கடலையும் டீயும் வரவழைத்து எங்களுக்காகக் காத்திருப்பார்.

இத்தனை பேரும் அடித்துக்கொண்டது பெரும்பாலும் ஒரு ஆளைப் பற்றி. அந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பார். அவர்தான் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தவர். இடது ஓரத்தில் ஆடுவார். பந்தை வாங்கிக்கொண்டு கோட்டை ஒட்டியே அவர் ஓடினால் பின்னால் வருகிறவனுக்கு மூச்சு வாங்கும். ஆட்டம் அப்படி. ஆனால் வெறுங்கால் வருஷத்தில் அவர் ஆட்டத்தைவிட அவருடைய கத்தல்தான் பிரசித்தம். எதிராளியின் கட்டைவிரல் இலேசாகப் பட்டால் போதும், "ஐயய்யோ, செத்தேன்டா!" என்று விழுந்து புரளுவார். சுற்றி நிற்கிற ஜனம் அதே மாதிரி கத்திக் கேலி செய்யும். மைதானம் எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அடுப்படியில் இருக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்து, "உன் சித்தப்பன் விழுந்துட்டான் போல" என்பாள். அம்மாவுக்கு ஆட்டம் நடக்கிறது என்பதே அந்தக் கத்தலில்தான் தெரியும்.

பூட்ஸ் வருஷத்தின் கடைசி ஆட்டம் வேலூரில் நடந்தது. மண்டிக்கார மாமாவின் பட்டை லாரியில் ஊரே கிளம்பிப் போனது. என்னை அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். மறுபடியும் அதே வாணியம்பாடிக்காரர்கள். நெடுநேரம் யாருக்கும் கோல் இல்லை. சித்தப்பா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். அவர் காலை வாரினார்கள், எழுந்தார். மிதித்தார்கள், ஓடினார். ஒரு சத்தம் இல்லை. முடிகிற நேரத்தில் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்து அடித்தார் பாருங்கள், கோல்கீப்பர் விழுந்த பக்கம் ஒன்று, பந்து போன பக்கம் ஒன்று! அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டே குதித்ததில் என் பல் நாக்கில் பட்டு ரத்தம் வந்தது. அந்த ரத்தத்தோடு நானும் கத்தினேன்.

ஆட்டம் முடிந்து சித்தப்பா உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளேயிருந்து ரத்தம் கொழகொழவென்று வழிந்தது. அடியில் அடித்த ஆணி ஒன்று உள்பக்கமாக மேலே வந்து நின்றிருந்தது. அதன்மேலேயே அவ்வளவு நேரம் ஓடியிருக்கிறார். சித்தப்பா ஆணியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அட, இது எப்போ?" என்றார்.

அவ்வளவுதான், ஜனம் பைத்தியமாகிவிட்டது. "ஆணிமேல நின்னு கோல் அடிச்சான்யா!" என்று மண்டிக்கார மாமா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். அன்றைக்கே 'இரும்புக்கால்' என்று பெயரும் வைத்துவிட்டார். அப்பா அழுதார். கேடயம் முதலாளியின் ஆபீசுக்குப் போயிற்று. அந்த ஒற்றை பூட்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. ரத்தக் கறையைத் துடைக்கக் கூடாது என்று அம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லி, அதை இயேசு படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அப்பா வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எங்கள் கட்சியைக் கேட்க வேண்டுமா? டிரில் மாஸ்டர் எதைச் சொன்னாலும் மண்டிக்கார மாமா என்னைப் பார்த்து, "போம்மா, சாட்சியைக் கொண்டா" என்பார். நான் ஓடிப்போய் பூட்ஸை எடுத்து வருவேன். ஆணியைக் காட்டுவோம். மாஸ்டர் வாயை மூடிக்கொள்வார்.

சித்தப்பாவின் ஆணிப் புண் மட்டும் ஆறவில்லை. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள், களிம்பு தடவினாள். மேலே மூடும், அடியில் திரும்பவும் உடைக்கும். அவர் துணியைச் சுற்றிக்கொண்டு அதோடேயே ஆடினார். "வலிக்கலியாடா?" என்று அம்மா கேட்டால், "இரும்புக்கு இன்னா அண்ணி வலி?" என்பார். ஒருநாள் ஒற்றைக் கால் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. கடைத்தெருவில் கழன்று கிடந்ததை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோம். கெண்டைக்காலில் வெளுப்பாக ஒரு தேமல் இருந்தது. அது எத்தனை நாளாக இருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. தேமலை யார் கவனிப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் மில் டீம் ஒன்றிலிருந்து சித்தப்பாவுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வாரம் போய் ஆடிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் டீமில் இடம், மில்லில் வேலை. அப்பா புது பூட்ஸ் தைக்கச் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டி வாசலில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். மண்டிக்கார மாமா பூட்ஸைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா மாஸ்டர், ஒத்துக்குங்க. இப்பவாவது ஒத்துக்குங்க. ஆணி குத்தி ரத்தம் ஊத்துது, ஆளு அசரலை. இந்த மாதிரி ஒருத்தன் உங்க வருஷத்துல இருந்தானா?" என்றார்.

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருந்தான் பாய். இதே ஆளுதான் இருந்தான். என் வருஷத்துல இவன் கால்ல நெருஞ்சி முள்ளு குத்துனா ஊரே கூடும். அவ்ளோ கத்துவான். ஒரே வருஷத்துல இந்தத் தைரியம் எங்கருந்துப்பா வந்துச்சு? கடையில வாங்குனியா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சித்தப்பாதான் அதிகமாகச் சிரித்தார், கடலை புரையேறிற்று. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மூட்டையிலிருந்து இறங்கி வந்து சித்தப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "காலைக் காட்டு" என்றார்.

"இன்னாண்ணா, எல்லார் முன்னாடியும்?"

"காட்டுடா."

சித்தப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு காலை நீட்டினார். அப்பா அதை மடியில் வாங்கி வைத்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கட்டைவிரலால் முழங்காலிலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். தேமல்மேல் வந்ததும் விரல் நின்றது. வெயில் நேரம். எங்கள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அந்த இடத்தில் மட்டும் வேர்வை இல்லை என்று அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

"கண்ணை மூடிக்க. எங்க தொடறேன்னு சொல்லு."

எனக்கு ஒரே குஷி. இது புது விளையாட்டு. மூட்டைமேலிருந்து குதித்துக் கிட்டே போய் நின்றுகொண்டேன்.

அப்பா முழங்காலைத் தொட்டார். "முட்டி" என்றார் சித்தப்பா. கொஞ்சம் கீழே தொட்டார். "அதுக்குக் கீழ." அப்புறம் அப்பா தேமல்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். சித்தப்பா சும்மா இருந்தார். அப்பா நகத்தை அழுத்தினார். தோல் உள்ளே குழிந்தது.

"ம், தொடுண்ணா" என்றார் சித்தப்பா, கண்ணை மூடியபடி.

அப்பா விரலை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே பாதத்தில் வைத்து இன்னும் பலமாக அழுத்தினார். நகம் பதிந்த இடம் சிவந்துவிட்டது.

"தொடுண்ணா. இன்னா, தூங்கிட்டியா?"

"சித்தப்பா தோத்துட்டாரு! சித்தப்பா தோத்துட்டாரு!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என்ன ஜனங்கள் இவர்கள், ஒரு விளையாட்டுக்குக்கூடச் சிரிக்கத் தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மண்டிக்கார மாமா கையிலிருந்த பூட்ஸை மெதுவாக மூட்டைமேல் வைத்தார். டிரில் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். தன் காலில் பதிந்திருந்த அண்ணனின் நகத்தைப் பார்த்தார். "அட" என்றார்.

"ஒண்ணுமில்ல. தேமல்தான். வேட்டிய எறக்கு" என்றார் அப்பா.

மண்டிக்கார மாமாதான் சுதாரித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல லாரி வேலூர் போவுது. நானும் வர்றேன். சும்மா ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம்." பிறகு நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, என் தலையில் கை வைத்து, "உன் சித்தப்பா பெரிய டீமுக்குப் போறான்ல கண்ணு? டாக்டர் பார்த்துப் பாஸ் போட்டாதான் சேத்துப்பாங்க" என்றார். நான் அப்படியே நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே.

மறுநாள் லாரியில் போன சித்தப்பா அதில் திரும்பி வரவில்லை. வேலூருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் வருஷக் கணக்கில் இருந்தார். அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொழுநோய் என்று நான் இங்கே எழுதுவதற்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பெயர் வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் ஒருத்தர்கூடத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார், எனக்குக் கல்யாணம் என்ற பேச்சே எழாது. மருந்து வந்துவிட்ட காலம்தான். வியாதி அடங்கிவிடும், ஆனால் செத்துப்போன உணர்ச்சி திரும்பாது. ஒரு வருஷம் முன்னாடி கூட்டிவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு வருஷம் முன்னாடி நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்தோம். எத்தனையோ தோலில் வடுவைக் கண்டுபிடித்த அப்பாவின் விரல், ஒரே கூரையின் கீழ் இருந்த தம்பியின் காலில் ஒரு தடவைகூடப் படவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது சித்தப்பா மெட்ராஸ் டீமில் ஆடுகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெருவில் எல்லோருக்கும் விஷயம் எட்டியிருக்கும். ஆனால் ஒருத்தர்கூட என்னிடம் இல்லை என்று சொல்லவில்லை. "அப்படியா கண்ணு? இந்த வாரம் கோல் போட்டானா?" என்று கேட்டவர்கள்தான் உண்டு. "ரெண்டு போட்டாரு" என்பேன் நான்.

மண்டி வாசலில் சில மாதம் கூட்டம் கூடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கார மாமா வீட்டுக்கே வந்து அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டிரில் மாஸ்டர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசிலைக் காணோம். டீ வந்தது, கடலை வந்தது. பேச்சுத்தான் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம டீமுக்கு எது பெரிய வருஷம்?" என்று நானே ஆரம்பித்துவைத்தேன்.

"பூட்ஸ் வருஷம்தாம்மா" என்றார் டிரில் மாஸ்டர், தலையைக் குனிந்துகொண்டே. "கேடயம் வந்துச்சே. உங்கப்பா வருஷம்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! சந்தோஷத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

"இல்ல மாஸ்டர்" என்றார் அப்பா. "வெறுங்கால் வருஷம்தான். உங்க வருஷம்தான்."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா? எதிர்க் கட்சி தானாக வந்து காலில் விழும்போது, கேடயம் வாங்கிய மேனேஜரே கட்சி மாறுகிறார்! "அந்த வருஷம் நாம தோத்தோம்பா!" என்று கத்தினேன். "கடைசி ஆட்டத்துல தோத்தோம். சித்தப்பாகூட அந்த வருஷம் எப்பப் பாத்தாலும் வலிக்குது வலிக்குதுன்னு கத்திக்கிட்டே இருந்தாரு!"

"ஆமா" என்றார் அப்பா. "அடுப்படில இருக்கிற உங்கம்மாவுக்கே கேக்கும்."

மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மண்டிக்கார மாமா ஒரு கை கடலையை அள்ளி என் கையில் வைத்து, "போம்மா, வீட்டுக்குப் போ" என்றார்.

நான் விடுவேனா? சாட்சியைக் கொண்டுவந்து மூன்று பேர் வாயையும் அடைக்கலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். இயேசு படத்துக்குக் கீழே பலகை காலியாக இருந்தது. அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பா நேத்து ராத்திரி ஆத்துல கொண்டுபோய்ப் பொதச்சுட்டாரு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்பாவுக்குப் பந்தாட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.